நெரிசல் சாலையில் பைக்: இடைவெளிதான் நமது முதல் கவசம்

சாலை விபத்தில் மௌத்தானவரின் வீட்டுக்கு ஆறுதல் சொல்லப் போகும்போதெல்லாம் ஏறத்தாழ ஒரே வாக்கியத்தைத்தான் நாம் கேட்கிறோம். "பத்து நிமிஷத்துல வந்துடுறேன்னு சொல்லிட்டுத்தான் கிளம்பினார்." நெடுந்தூரப் பயணம் போனவர் அல்ல. தினமும் போகும் வேலைக்கு, தினமும் போகும் அதே சாலையில் போனவர்.

2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்ததாக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை சொல்கிறது. அவர்களில் ஏறத்தாழ 75 ஆயிரம் பேர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். அதே ஆண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடத்தில் இருந்த மாநிலம் நமது தமிழ்நாடு. இங்கு 64,105 விபத்துகள் பதிவாகின.

நமது குடும்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு வண்டி என்றால் அது பைக் அல்லது ஸ்கூட்டர்தான். பிள்ளையைப் பள்ளியில் விடுவது, கடைக்குச் சரக்கு எடுத்து வருவது, அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது எல்லாமே அதில்தான். எனவே "பைக் ஆபத்து, ஓட்டாதீர்கள்" என்று சொல்வதில் பயனில்லை. நெரிசலில் எப்படி ஓட்டினால் வண்டி நமது கட்டுப்பாட்டிலேயே இருக்கும் என்பதைத் தெரிந்துகொள்வதுதான் பயன். தாம்பரத்திலிருந்து கிண்டி வரை செல்லும் ஜி.எஸ்.டி. சாலையைக் காலை ஒன்பது மணிக்கு நினைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையில் சொல்லப்படும் அத்தனையும் அங்கே ஒரே நாளில் கண்முன் நடக்கும்.

அவர் நம்மைப் பார்க்கவில்லை

விபத்துக்குப் பின் கார் ஓட்டுநர் சொல்வது பெரும்பாலும் இதுதான்: "பைக் வந்ததையே நான் பார்க்கலை." இதை நாம் சாக்கு என்று நினைக்கிறோம். பல நேரங்களில் அது உண்மை.

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் ஹாரி ஹர்ட் என்ற ஆய்வாளரின் தலைமையில் ஒரு பல்கலைக்கழகக் குழு சுமார் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளைச் சம்பவ இடத்துக்கே போய் ஆராய்ந்தது. அதன் அறிக்கை 1981இல் வெளியானது. மற்ற வாகனங்களுடன் நடந்த மோதல்களில் முக்கியக் காரணம், எதிரே இருந்த ஓட்டுநர் பைக்கைக் கவனிக்கத் தவறியது அல்லது மிகத் தாமதமாகக் கவனித்தது என்று அது கண்டது. ஆபத்தை உணர்ந்த பின் தப்பிக்க பைக் ஓட்டிக்குக் கிடைத்த நேரம் பொதுவாக இரண்டு விநாடிக்கும் குறைவு என்றும் அது கண்டது.

பைக் முன்னாலிருந்து பார்த்தால் ஒல்லியானது. காரின் முன்கண்ணாடியை ஒட்டிய தூணின் மறைவில்கூட அது முழுதாக ஒளிந்துவிடும். உருவம் சிறிதாகத் தெரிவதால் அது தொலைவில் மெதுவாக வருவதாக மற்றவர் தவறாகக் கணித்துவிடுகிறார். இதை மனதில் வைத்து 2017 ஏப்ரல் முதல் தயாராகும் புதிய இருசக்கர வாகனங்களில் பகலிலும் முகப்பு விளக்கு தானாக எரியும்படி செய்யப்பட்டுள்ளது. அந்த விளக்கைத் துணியால் மூடுவதும், ஒயரைக் கழற்றிவிடுவதும் நமக்கு நாமே செய்துகொள்ளும் தீங்கு.

ஆகவே நாம் பழகவேண்டிய முதல் பழக்கம் இது: சாலையில் இருக்கும் யாரும் நம்மைப் பார்க்கவில்லை என்று வைத்துக்கொண்டு ஓட்டுவது. பக்கத்துத் தெருவிலிருந்து மூக்கை நீட்டும் காரைக் கண்டால், ஓட்டுநரின் முகத்தை மட்டும் நம்பாதீர்கள். நம்மைப் பார்த்தபடியே சிலர் வண்டியை எடுத்துவிடுவார்கள். அந்தக் காரின் முன்சக்கரத்தைப் பாருங்கள். வண்டி நகரத் தொடங்கினால் சக்கரத்தின் சுழற்சி அதை முதலில் காட்டிக்கொடுக்கும்.

இரண்டு விநாடிக் கணக்கு

மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பைக் ஒரு விநாடியில் சுமார் 11 மீட்டர் நகர்கிறது. முன்னால் போகும் வண்டி சட்டென நிற்பதைக் கண்டு, மூளை உணர்ந்து, கை பிரேக்கைப் பிடிக்க ஒன்றரை விநாடி ஆகிறது என்று வைப்போம். அதற்குள் 17 மீட்டர் போய்விடும். பிரேக் பிடித்த பின் காய்ந்த, நல்ல சாலையில் மேலும் 10 மீட்டர். மொத்தம் 27 மீட்டர். அதாவது இரண்டு மாநகரப் பேருந்துகளின் நீளத்துக்கு மேல்.

வேகம் 60 ஆனால் கணக்கு எப்படி மாறுகிறது? உணரும் நேரத்தில் 25 மீட்டர், பிரேக்கில் சுமார் 23 மீட்டர், மொத்தம் 48 மீட்டர். வேகம் ஒன்றரை மடங்குதான் கூடியது. பிரேக் பிடித்த பின் ஓடும் தூரமோ இரண்டு மடங்குக்கும் மேல் கூடிவிட்டது. ஏனெனில் அந்தத் தூரம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்கிறது. "சும்மா கொஞ்சம்தான் வேகம்" என்பது பொருளற்ற பேச்சு என்பது இதனால்தான்.

மீட்டரைக் கண்ணால் அளக்க முடியாது, விநாடியை அளக்கலாம். முன்னால் போகும் வண்டி ஒரு விளக்குக் கம்பத்தைக் கடக்கும்போது "ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு" என்று மனதுக்குள் சொல்லுங்கள். சொல்லி முடிக்கும் முன் நாம் அந்தக் கம்பத்தை அடைந்துவிட்டால் மிக நெருக்கமாகப் போகிறோம் என்று பொருள். மழையிலும் இரவிலும் இந்த இரண்டு விநாடியை நான்காக்க வேண்டும்.

"இடைவெளி விட்டால் ஆட்டோ உள்ளே புகுந்துவிடுமே" என்று கேட்பீர்கள். புகும். புகட்டும். ஆக்சிலரேட்டரை விட்டு மறுபடி இரண்டு விநாடி பின்வாங்குங்கள். வழியில் பத்து வண்டிகள் புகுந்தாலும் நமக்கு நஷ்டம் இருபது விநாடிதான். இருபது விநாடிக்காக உயிரைப் பணயம் வைக்கும் வியாபாரத்தை யாராவது லாபம் என்பார்களா?

எங்கே ஓட்டுவது, எங்கே ஓட்டக்கூடாது

நெரிசலில் பெரிய வண்டிகளின் ஓட்டுநருக்குத் தெரியாத இடங்கள் நான்கு. பேருந்து, லாரியின் மூக்குக்கு நேர் முன்னே, நேர் பின்னே, இடது பக்கம், வலது பக்கம். இவற்றில் மிகக் கொடியது இடது பக்கம். பேருந்து நிறுத்தத்துக்காகவோ தெருவுக்குள்ளோ இடப்புறம் திரும்பும்போது அதன் பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராது. உள்ளே வெட்டிக்கொண்டு வரும். பேருந்துக்கும் நடைபாதைக்கும் இடையில் நுழைந்த பைக் அந்தச் சக்கரத்தின் வழியில் நிற்கிறது. தண்ணீர் லாரிக்கும் இதே கதைதான்.

பேருந்தின் பக்கவாட்டுக் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் நமக்குத் தெரியாவிட்டால், நம் முகம் அவருக்குத் தெரியாது. இந்த ஒரு சோதனை போதும். அவரைக் கடப்பதானால் வலப்புறமாக, தயங்காமல், ஒரே மூச்சில் கடந்துவிடுங்கள். முடியாதென்றால் பின்னாலேயே இருங்கள். அருகருகே ஓடிக்கொண்டிருப்பது மட்டும் கூடாது. இரண்டு பேருந்துகளுக்கு நடுவே ஒருபோதும் நுழையாதீர்கள். குரோம்பேட்டையிலும் பல்லாவரத்திலும் பேருந்து நின்றால் அதன் முன்னாலிருந்து சாலையைக் கடக்க ஆட்கள் ஓடி வருவார்கள் என்பதையும் எதிர்பார்த்தே போகவேண்டும்.

நிறுத்தி வைத்த கார்களின் ஓரமாகப் போகும்போது ஒரு கதவின் அகலத்துக்குத் தள்ளி ஓட்டுங்கள். காருக்குள் ஆள் தெரிந்தால் கதவு திறக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஷேர் ஆட்டோவின் பின்னால் போகும்போது சாலையோரம் கைகாட்டி நிற்பவர் இருக்கிறாரா என்று பாருங்கள். அந்தக் கையைக் கண்டதும் ஆட்டோ நிற்கும், இண்டிகேட்டர் போடாமலே நிற்கும்.

சாலையின் விளிம்பை ஒட்டி ஓட்டுவது பாதுகாப்பு என்று பலரும் நம்புகிறோம். அங்கேதான் மணல் சேர்கிறது, வடிகால் மூடி இருக்கிறது, எதிர்த்திசையில் வண்டி வருகிறது. தடத்துக்குள் நமக்கென ஓர் இடம் பிடித்து, இரண்டு பக்கமும் கொஞ்சம் ஒதுங்க வழி வைத்து ஓட்டுவதே சரி. தடம் மாறும் முன் கண்ணாடி, இண்டிகேட்டர், தோளுக்கு மேல் ஒரு பார்வை என்று மூன்றும் தேவை. கண்ணாடியில் தெரியாத இடத்தைத் தோள் பார்வைதான் காட்டும். "வண்டி அழகு கெடுகிறது" என்று கண்ணாடியைக் கழற்றிவைத்த இளைஞர்களுக்கு இதை அன்போடு சொல்லிவிடுங்கள்.

பிரேக் பிடிப்பதும் மெதுவாக ஓட்டுவதும்

நம்மில் பலர் முன் பிரேக்கைத் தொடவே பயப்படுகிறோம். "முன் பிரேக் பிடித்தால் குப்புற விழுவாய்" என்று சைக்கிள் கற்ற காலத்தில் கேட்டது மனதில் தங்கிவிட்டது. ஆனால் பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்பக்கம் சாய்கிறது. முன்சக்கரம் சாலையை அழுத்திப் பிடிக்கிறது, பின்சக்கரம் இலேசாகிறது. எனவே நிறுத்தும் சக்தியின் பெரும்பங்கு முன் பிரேக்கில் இருக்கிறது. பின் பிரேக்கை மட்டும் மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி வழுக்கும். ஹர்ட் குழு ஆராய்ந்த விபத்துகளிலும் இதே தவறு திரும்பத் திரும்பக் காணப்பட்டது.

இரண்டையும் சேர்த்துப் பிடியுங்கள். முன் பிரேக்கைப் பறித்து இழுக்காமல், எலுமிச்சையைப் பிழிவதுபோல் படிப்படியாக அழுத்துங்கள். வண்டி நேராக இருக்கும்போதே பிடியுங்கள், வளைவில் சாய்ந்திருக்கும்போது வேண்டாம். 2019 ஏப்ரல் முதல் விற்கப்படும் வண்டிகளில் 125 சிசிக்கு மேற்பட்டவற்றுக்கு ஏபிஎஸ் கட்டாயம். 125 சிசி வரையுள்ளவற்றில் ஒரு பிரேக்கைப் பிடித்தால் மற்றதும் சேர்ந்து இயங்கும் சிபிஎஸ் அல்லது ஏபிஎஸ் இருக்கவேண்டும். ஏபிஎஸ் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும். ஆனால் இல்லாத இடைவெளியை அது உண்டாக்கித் தராது. ஒரு விடுமுறைக் காலையில் காலியான மைதானத்தில், 20, 30 கிலோமீட்டர் வேகத்தில் பத்து முறை நிறுத்திப் பழகுங்கள். ஆபத்து வரும்போது மூளை புதிதாக எதையும் கற்காது, கை பழகியதைத்தான் செய்யும்.

நெரிசலில் பலர் விழுவது வேகத்தில் அல்ல, ஊர்ந்து போகும்போது. கியர் வண்டியில் கிளட்சைப் பாதி விட்டு, ஆக்சிலரேட்டரைச் சீராக வைத்து, பின் பிரேக்கை மெல்லத் தொட்டபடி போனால் வண்டி ஆடாது. ஸ்கூட்டரிலும் பின் பிரேக்கை இலேசாகப் பிடித்துக்கொள்வது உதவும். அந்த ஊரும் வேகத்தில் முன் பிரேக்கைத் திருகிய கைப்பிடியோடு பிடித்தால்தான் வண்டி சரிகிறது. பார்வை முன்சக்கரத்தில் விழாமல் பத்து மீட்டர் தள்ளி இருக்கட்டும். நாம் எங்கே பார்க்கிறோமோ வண்டி அங்கே போகும். பள்ளத்தையே பார்த்தால் பள்ளத்தில்தான் இறங்கும்.

சிக்னலில் பச்சை விழுந்ததும் முதல் ஆளாகப் பாயாதீர்கள். வலமும் இடமும் பார்த்து ஒரு மூச்சு விட்டுக் கிளம்புங்கள். சிவப்பைத் தாண்டி வரும் கடைசி வண்டி அந்த ஒரு விநாடியில்தான் வரும்.

மழையும் மெட்ரோ வேலையும்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை சென்னையின் மழைக்காலம். நீண்ட வெயிலுக்குப் பின் பெய்யும் மழையின் முதல் நிமிடங்கள்தான் மிகவும் வழுக்குபவை. சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் தண்ணீரோடு கலந்து மேலே வரும். ஈரத்தில் வெள்ளைக் கோடுகள், இரும்பு மூடிகள், மேம்பாலங்களின் இணைப்புப் பட்டைகள் எல்லாம் வழுக்கும். அவற்றின் மேல் போகும்போது சாயாமல், பிரேக் பிடிக்காமல், ஆக்சிலரேட்டரைத் திருகாமல் நேராகக் கடந்துவிடுங்கள்.

மெட்ரோவின் இரண்டாம் கட்டப் பணிகளால் நகரின் பல சாலைகள் தடுப்புகளுக்கு நடுவே குறுகிவிட்டன. நேற்று இருந்த வழி இன்று இருக்காது. இரும்புத் தகடுகள் போடப்பட்டிருக்கும். பழகிய சாலை என்ற நம்பிக்கையை அங்கே விட்டுவிட வேண்டும். தேங்கிய நீரின் ஆழம் தெரியாவிட்டால் இறங்காதீர்கள். முன்னால் போகும் வண்டியின் சக்கரம் எவ்வளவு மூழ்குகிறது என்று பார்த்தபின் முடிவு செய்யுங்கள்.

தலைக்கவசம்: தலையில் இருந்தால் போதாது

மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆவது பிரிவின்படி ஓட்டுபவர், பின்னால் அமர்பவர் இருவருக்கும் தலைக்கவசம் கட்டாயம். மீறினால் 194டி பிரிவில் 1,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் ஓட்டுநர் உரிமம் இழப்பு. ஆனால் அபராதத்துக்காக அணிவதானால் காவலர் இல்லாத தெருவில் அதைக் கழற்றிவிடுவோம். 2022இல் தலைக்கவசம் அணியாமல் இறந்தவர்களாகப் பதிவானோர் 50,029 பேர். அவர்களில் 14,337 பேர் பின்னிருக்கையில் இருந்தவர்கள். தலைக்கவசம் மரண வாய்ப்பை ஏறத்தாழ 42 சதவீதமும் தலைக்காய வாய்ப்பை 69 சதவீதமும் குறைக்கிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த மருத்துவ ஆய்வு சொல்கிறது.

ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 4151 என்ற எண்ணும் உள்ளதை வாங்குங்கள். கன்னத்தோடு இறுக்கமாக இருக்கவேண்டும், தலையை ஆட்டினால் கவசம் தனியே ஆடக்கூடாது. வாரைக் கட்டாத தலைக்கவசம் விழும்போது நமக்கு முன்பே கழன்று ஓடிவிடும். ஒருமுறை பலமாக அடிபட்டதை மாற்றிவிடுங்கள், வெளியே கீறல் மட்டுமே தெரிந்தாலும் உள்ளே நொறுங்கியிருக்கலாம். தொப்பி அணிபவர்கள் மெல்லிய தொப்பியோடு அணியலாம். தடித்ததானால் பையில் வைத்துக்கொண்டு பள்ளிவாசலில் அணியுங்கள். பெண்கள் ஊசியும் உயர்ந்த கொண்டையும் இல்லாமல், மெல்லிய ஒற்றை மடிப்புத் தலைத்துணியின் மேல் கவசம் அணிந்தால் அது சரியாகப் பொருந்தும்.

பின்னால் அமர்ந்திருப்பது நமது குடும்பம்

புர்கா, துப்பட்டா, சேலை முந்தானை எதுவானாலும் காற்றில் பறந்து பின்சக்கரத்தில் சுற்றிக்கொண்டால், அது அமர்ந்திருப்பவரைக் கண் இமைக்கும் நேரத்தில் சாலையில் இழுத்துப் போட்டுவிடும். கிளம்பும் முன் துணியைச் சேர்த்து மடித்து உடலுக்கு அடியில் வைத்தாகிவிட்டதா என்று கேட்பது கணவர், மகன், சகோதரர் என ஓட்டுபவர் ஒவ்வொருவரின் பொறுப்பு. வண்டியில் சாரி கார்டைக் கழற்றாதீர்கள். இரண்டு பக்கமும் கால் போட்டு அமர முடிந்தவர் அப்படி அமர்வதே நிலையானது. புர்காவுக்குள் தளர்வான கால்சட்டை அணிந்தால் அது எளிது.

சட்டப்படி பின்னால் ஒருவர்தான். மூன்று பேர், நான்கு பேர் ஏறினால் பிரேக் பிடிக்கும் தூரமும் கூடும், சமநிலையும் போகும். நான்கு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கும் தலைக்கவசம் கட்டாயம். ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தையை ஓட்டுபவரோடு இணைக்கும் பாதுகாப்புப் பட்டை, தலைக்கவசம், 40 கிலோமீட்டருக்கு மிகாத வேகம் ஆகியவை 2023 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ளன. தூங்கும் பிள்ளையை முன்னால் நிற்க வைத்து ஓட்டுவதை இன்றோடு நிறுத்திவிடுவோம்.

இன்னொன்று. பதினெட்டு நிறையாத மகனிடம் பைக் சாவியைக் கொடுத்து அவன் விபத்து செய்தால், 199ஏ பிரிவின்படி குற்றவாளி தந்தைதான். மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் வரும், வண்டியின் பதிவும் ஓராண்டுக்கு ரத்தாகும். "அத்தா, பக்கத்துக் கடைக்குத்தான்" என்ற கெஞ்சலுக்கு இரங்கும் முன் இதை நினைவில் கொள்ளுங்கள்.

அவசரம் பிடிக்கும் நேரங்கள்

15 கிலோமீட்டரை மணிக்குச் சராசரி 30 கிலோமீட்டரில் கடந்தால் 30 நிமிடம். வளைந்து நெளிந்து 35ஆக உயர்த்தினால் சுமார் 26 நிமிடம். கிடைப்பது நான்கு நிமிடம். அதையும் அடுத்த சிக்னல் பெரும்பாலும் திரும்ப வாங்கிக்கொள்ளும்.

ரமழானில் இஃப்தாருக்கு முந்திய அரைமணி நேரம் நமது பகுதிகளில் தனிக் கவனம் தேவைப்படும் நேரம். அலுவலகம் விடும் நெரிசலும், நோன்பின் களைப்பும், பாங்குக்கு முன் வீடு சேரும் ஆவலும் ஒன்றாகச் சேர்கின்றன. மூன்று பேரீச்சம்பழமும் ஒரு தண்ணீர் பாட்டிலும் வண்டியில் இருந்தால் அந்த ஆவல் பாதியாகிவிடும். நேரம் வந்ததும் ஓரமாக நிறுத்தி நோன்பு திறந்துவிட்டு நிதானமாகப் போகலாம்.

அலைபேசியை ஹெல்மெட்டுக்குள் செருகிப் பேசுவது வேண்டாம். 40 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு விநாடி திரையைப் பார்த்தால் 22 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம். வீட்டிலிருப்பவர்களும் உதவலாம். அவர் வண்டியில் இருப்பார் என்று தெரிந்த நேரத்தில் அழைக்காதீர்கள், "எங்கே இருக்கிறீர்கள்" என்று விரட்டாதீர்கள்.

வாரம் ஐந்து நிமிடம்

வாரத்துக்கு ஒருமுறை டயரில் காற்று, டயரின் பள்ளக்கோடுகளின் தேய்மானம், இரண்டு பிரேக், செயின் தொய்வு, முன்விளக்கு, பிரேக் விளக்கு, இண்டிகேட்டர், ஹாரன் ஆகியவற்றைப் பாருங்கள். தினமும் கிளம்பும் முன் சைடு ஸ்டாண்டை எடுத்தாகிவிட்டதா என்று பாருங்கள். வெள்ளிக்கிழமை காலையை இதற்கென ஒதுக்கினால் மறக்காது.

விபத்தைக் கண்டால்

108ஐ அழையுங்கள். மூச்சுக்குத் தடை இல்லாதவரை அடிபட்டவரின் தலைக்கவசத்தைப் பிடித்து இழுக்காதீர்கள், கழுத்தை அசைக்காதீர்கள், தண்ணீர் புகட்டாதீர்கள். ரத்தம் வரும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். உதவுபவரைப் பெயர், முகவரி சொல்லும்படி வற்புறுத்த முடியாது, நல்லெண்ணத்தோடு உதவியதற்காக அவர்மேல் வழக்கும் தொடர முடியாது என்று 134ஏ பிரிவு பாதுகாக்கிறது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48" திட்டத்தில், இங்கே விபத்தில் சிக்குபவர் எந்த ஊரைச் சேர்ந்தவரானாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை பட்டியலிட்ட அரசு, தனியார் மருத்துவமனைகளில் குறிப்பிட்ட தொகை வரை இலவசம். பணத்தை எண்ணிக்கொண்டு நிற்கவேண்டியதில்லை.

நமது உயிர் அமானிதம். பின்னால் அமர்ந்திருப்பவரின் உயிரும், சாலையைக் கடக்கும் அறிமுகமில்லாத மனிதரின் உயிரும் அப்படியே. நாளைக் காலை வழக்கத்தைவிடப் பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்புங்கள், முன் வண்டியிலிருந்து இரண்டு விநாடி தள்ளியே போங்கள். வீட்டில் "பத்து நிமிஷத்துல வந்துடுறேன்" என்று சொல்லாமல், "மெதுவா வர்றேன், இன்ஷா அல்லாஹ்" என்று சொல்லிவிட்டுப் புறப்படுங்கள்.